எஃப் போட்ட பிராசசர் வேண்டாம் தம்பி

கணினி கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்கள் பெரும்பாலும் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் இருக்கின்றன. வீட்டில் அசெம்பிள் செய்த டெஸ்க்டாப்பில் மேக்ஓஎஸ் போட வேண்டும், கையில் பணம் கொஞ்சம்தான், எந்தப் பிராசசர் வாங்குவது என்று கேட்கிறார்கள். கேரள எல்லையோரத்தில், கொழிஞ்சாம்பாறையில் என் சர்வீஸ் கடைக்கு வருகிறவர்களும் இதையே கேட்கிறார்கள். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அக்காவுக்கு வணக்கம். கோவையில் ஒரு கல்யாண ஸ்டுடியோவில் எடிட்டிங் உதவியாளராக இருக்கிறேன். அங்கே ஐமேக்கில் ஃபைனல் கட் ப்ரோவில்தான் வேலை. வீட்டில் பழகவும், சின்னச் சின்ன வேலைகளை எடுத்துச் செய்யவும் ஒரு மெஷின் வேண்டும். மானிட்டர், கேபினட், எஸ்எஸ்டி மூன்றும் இருக்கின்றன. பிராசசர், போர்டு, ரேம் சேர்த்துப் பதினைந்தாயிரம் ரூபாய்தான் முடியும். எல்லாம் செகண்ட் ஹேண்ட் என்றாலும் சரி. கடைக்காரர் ஐ5-10400எஃப் விலை குறைத்துத் தருகிறேன் என்கிறார். ஐ3-12100 புதுசு, வேகம் அதிகம், அதை வாங்கு என்கிறான் நண்பன். எதை வாங்கட்டும்?
– வாசகர், வேலந்தாவளம்

பதில்: இரண்டும் வேண்டாம் தம்பி. எஃப் இல்லாத ஐ5-10400 வாங்குங்கள். பணம் இடித்தால் ஐ3-10100, அதுவும் எஃப் இல்லாததாக.

காரணத்தைச் சொல்கிறேன். இதைப் புரிந்துகொண்டால் நாளைக்கு வேறு யாராவது வேறு நம்பரைச் சொன்னாலும் நீங்களே முடிவு செய்துவிடலாம். விண்டோஸ் போடுகிறவர் வேகத்தையும் விலையையும் பார்த்து வாங்கினால் போதும். எந்தப் பிராசசரானாலும் டிரைவர் எழுதித் தர ஆள் இருக்கிறது. மேக்ஓஎஸ்ஸில் அப்படியில்லை. ஆப்பிள் தன் கம்ப்யூட்டரில் எந்தச் சிப்பை வைத்து விற்றதோ அதற்கு மட்டும்தான் டிரைவர் எழுதியிருக்கிறது. ஆகவே முதலில் கேட்க வேண்டியது, "இந்தப் பிராசசரை, அல்லது இதே குடும்பத்தை, ஆப்பிள் எப்போதாவது ஒரு மேக்கில் வைத்ததா?" என்பதுதான். வேகம், கோர் கணக்கெல்லாம் அதற்குப் பிறகு.

ஆப்பிள் 2006-இல் இன்டெல் சிப்புகளுக்கு மாறியது. 2020 ஆகஸ்டில் வந்த 27 அங்குல ஐமேக்கில் இன்டெலின் பத்தாம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர் இருந்தது. அதே வருடம் நவம்பரில் சொந்தச் சிப்பான எம்1 வந்துவிட்டது. அதோடு டெஸ்க்டாப் வகையில் இன்டெலின் கதை முடிந்தது. பதினோராம் தலைமுறை, பன்னிரண்டாம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர் எந்த மேக்கிலும் வந்ததே இல்லை. உங்கள் நண்பர் சொல்லும் ஐ3-12100 நல்ல பிராசசர், அதில் சந்தேகமில்லை. ஒரு கோரின் வேகத்தை மட்டும் பார்த்தால் பத்தாம் தலைமுறையைத் தாண்டிவிடும். ஆனால் அதற்குள் இருக்கும் யுஎச்டி 730 கிராபிக்ஸுக்கு மேக்ஓஎஸ்ஸில் டிரைவர் கிடையாது. பிராசசரின் அடையாளத்தையும் பத்தாம் தலைமுறை மாதிரி மாற்றிக் காட்ட வேண்டும், தனியாக ஒரு கிராபிக்ஸ் கார்டும் போட வேண்டும். உங்கள் பதினைந்தாயிரத்தில் கார்டுக்கு இடமில்லை.

ஐ5-10400-க்குள்ளும் ஐ3-10100-க்குள்ளும் இருப்பது யுஎச்டி 630. எட்டாம், ஒன்பதாம் தலைமுறை ஐ3, ஐ5-களில் இருந்ததும் இதே யுஎச்டி 630தான். ஆப்பிள் இதை 2018 மேக் மினியிலேயே வைத்து விற்றிருக்கிறது. அதனால் மேக்ஓஎஸ் இதை நன்றாகவே அறியும். எல்லாம் சரியாக அமைந்தால் "இந்த மேக்கைப் பற்றி" என்ற பக்கத்தில் இன்டெல் யுஎச்டி கிராபிக்ஸ் 630, 1536 எம்பி என்று காட்டும். அந்த வரி வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஜன்னல்கள் வழுக்கிக்கொண்டு நகரும், வீடியோ திக்காமல் ஓடும். அது வராமல் வெறும் 7 எம்பி என்று நின்றால் கிராபிக்ஸ் முடுக்கமே இல்லை என்று அர்த்தம். அந்த நிலையில் ஃபைனல் கட்டைத் திறப்பதே வீண்.

இப்போது எஃப் விஷயம். இன்டெல் நம்பருக்குப் பின்னால் எஃப் என்று போட்டால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. ஐ5-10400-க்கு இன்டெல் அறிவித்த விலை 182 டாலர், 10400எஃப்புக்கு 157. அந்த 25 டாலர் குறைவுக்கு நீங்கள் விட்டுக்கொடுப்பது உங்கள் மெஷினில் படம் வருவதற்கான ஒரே வழியை. கேமிங் பிள்ளைகள் எப்படியும் கார்டு போடுவார்கள், அவர்களுக்கு எஃப் லாபம். உங்களுக்கு நஷ்டம். "எஃப்தான் விலை குறைவு" என்று யார் சொன்னாலும் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

ஏற்கெனவே ஒரு ஏஎம்டி கார்டு கையில் இருந்தால் கணக்கு மாறும். ஆர்எக்ஸ் 570, ஆர்எக்ஸ் 580, ஆர்எக்ஸ் 6600 ஆகிய மூன்றையும் மேக்ஓஎஸ் நேரடியாக ஏற்கும். அப்படி ஒன்று இருந்தால் 10400எஃப்பும் ஓடும். நம்பர் பெரிதாக இருக்கிறதே என்று ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி வாங்கிவிடாதீர்கள், அது ஓடாது. என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1650, ஆர்டிஎக்ஸ் வகை எதுவும் ஓடாது. இந்த ஊர்ப் பக்கம் செகண்ட் ஹேண்டில் அதிகம் சுற்றுவது என்விடியாதான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஐ5-ஆ ஐ3-ஆ? ஐ3-10100-இல் நான்கு கோர், எட்டு த்ரெட். 2017-இல் ஐ7-7700 என்று பெருமையாக விற்றதிலும் இதே கணக்குத்தான். ஃபுல் எச்டி எடிட்டிங் பழக அது தாராளம். ஐ5-10400-இல் ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட். கலர் கரெக்‌ஷன் செய்து ஒரு மணி நேரக் கல்யாண வீடியோவை வெளியே எடுக்கும்போது அந்த இரண்டு கோரின் அருமை தெரியும். பிராசசரை ஒருமுறைதான் வாங்குகிறோம், ரேமைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம். அதனால் இரண்டுக்கும் விலை வித்தியாசம் ஆயிரம், இரண்டாயிரம் என்றால் ஐ5-ஐ எடுங்கள். அதற்கு மேல் என்றால் ஐ3-ஐ எடுத்துவிட்டு மிச்சத்தை ரேமில் போடுங்கள். 8 ஜிபி ஒற்றை ஸ்டிக் போதாது. யுஎச்டி 630 தனக்கென்று நினைவகம் இல்லாமல் ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது. 8 ஜிபி ஸ்டிக் இரண்டாகப் போட்டால் இரண்டு பாதையில் டேட்டா போகும், கிராபிக்ஸுக்கு அது நேரடியான லாபம்.

உங்கள் ஸ்டுடியோவில் என்ன கேமரா என்று எழுதவில்லையே. இது முக்கியம். யுஎச்டி 630 சாதாரண எச்.264 வீடியோவையும், எச்இவிசி 10 பிட் 4:2:0 வீடியோவையும் தானே பிரித்துவிடும். புதிய சோனி, கேனான் கேமராக்களில் நிற விவரம் அதிகமுள்ள 4:2:2 10 பிட்டில் எடுத்திருந்தால் யுஎச்டி 630 கைவிட்டுவிடும், முழுச் சுமையும் கோர்களின் தலையில் விழும். டைம்லைன் திக்கும். அப்போது ஃபைனல் கட்டில் ப்ராக்ஸி, அதாவது லேசான பிரதி, போட்டு எடிட் செய்து, கடைசியில் ஒரிஜினலுக்கு மாற்றி ரெண்டர் விடுங்கள். இரவு விட்டால் காலையில் தயாராக இருக்கும். ஃபைனல் கட் ப்ரோவை முதலில் இலவசச் சோதனைக் காலத்தில் ஓட்டிப் பாருங்கள், அதை வாங்குவதற்கு முன் உங்கள் மெஷின் தாங்குகிறதா என்று அந்த நாட்களிலேயே தெரிந்துவிடும்.

போர்டு விஷயத்தில் எச்410, பி460, எச்470 எதுவானாலும் சரி, சாக்கெட் எல்ஜிஏ 1200 ஆக இருக்க வேண்டும். வாங்கும்போது பின்பக்கம் டிஸ்ப்ளேபோர்ட் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதுவே உங்களுக்குச் சுலபமான வழி. எச்டிஎம்ஐ மட்டும் இருந்தாலும் ஓடும், ஆனால் பெரும்பாலும் ஒரு இடத்தில் மக்கர் செய்யும். இன்ஸ்டால் செய்யும்போது கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மளமளவென்று ஓடும். கடைசியில் கிராபிக்ஸ் டிரைவர் ஏறும் நொடியில் மானிட்டர் "சிக்னல் இல்லை" என்று அணைந்துவிடும். மெஷின் நின்றுவிட்டது என்று நினைத்துப் பலர் இந்த இடத்தில்தான் பவரைப் பிடுங்குகிறார்கள். மெஷின் உள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, கீபோர்டில் கேப்ஸ் லாக் அழுத்தினால் விளக்கு எரியும். மேக்ஓஎஸ் அந்த போர்ட்டை டிஸ்ப்ளேபோர்ட் என்று நினைத்துக்கொண்டு சிக்னலை அனுப்புகிறது, போர்டில் இருப்பதோ எச்டிஎம்ஐ. மேக் அல்லாத மெஷினில் மேக்ஓஎஸ்ஸை ஏற்றித் தரும் மென்பொருள் ஓபன்கோர். அதன் கட்டமைப்புக் கோப்பில் அந்த இணைப்பின் வகையை எச்டிஎம்ஐ என்று மாற்றிவிட்டால் படம் வந்துவிடும். விஜிஏ போர்ட்டை மட்டும் நம்பாதீர்கள்.

பயாஸில் விடி-டி, செக்யூர் பூட், ஃபாஸ்ட் பூட், சிஎஃப்ஜி லாக் ஆகியவற்றை அணையுங்கள், சாட்டா மோடை ஏஎச்சிஐ ஆக்குங்கள், டிவிஎம்டி (உள் கிராபிக்ஸுக்கு ஒதுக்கும் நினைவகம்) என்று இருந்தால் 64 எம்பி வையுங்கள். விலை குறைந்த போர்டுகளில் டிவிஎம்டி, சிஎஃப்ஜி லாக் இரண்டும் மெனுவில் தெரியாது. பயப்பட வேண்டாம், ஓபன்கோரிலேயே அதற்கு மாற்று வழி இருக்கிறது. மேக்ஓஎஸ்ஸுக்குக் காட்டும் மாடல் அடையாளமாக ஐமேக்20,1 என்று கொடுங்கள். மற்றபடி இணையத்தில் உள்ள டோர்ட்டானியா என்ற ஓபன்கோர் கையேட்டில் காமெட் லேக் (பத்தாம் தலைமுறையின் பெயர்) டெஸ்க்டாப் என்ற பகுதியை வரி விடாமல் படித்துச் செய்யுங்கள். யாரோ தன் மெஷினுக்குச் செய்து வைத்த, ஓபன்கோர் கோப்புகள் இருக்கும் இஎஃப்ஐ ஃபோல்டரை அப்படியே இறக்கிப் போடாதீர்கள். அவர் போர்டு வேறு, உங்கள் போர்டு வேறு. பழுது வந்தால் எங்கே கை வைப்பது என்றே தெரியாது.

இருக்கிற எஸ்எஸ்டி என்ன மாடல் என்றும் பாருங்கள். லேப்டாப்பிலிருந்து கழற்றி விற்கும் சாம்சங் பிஎம்981 என்றால் மேக்ஓஎஸ் அடிக்கடி தானாக ரீஸ்டார்ட் ஆகும். பழியைப் பிராசசர் மேல் போட்டுவிட்டு மாதக்கணக்கில் அலைகிறவர்கள் இருக்கிறார்கள். சாதாரண சாட்டா எஸ்எஸ்டியில் அந்தத் தொல்லை இல்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தப் பாதை முடியப்போகிறது. மேக்ஓஎஸ் டஹோதான் இன்டெல் மேக்குகளுக்குக் கடைசிப் பதிப்பு என்று ஆப்பிள் 2025 ஜூனில் சொல்லிவிட்டது. டஹோவிலும் பழைய ஒலி டிரைவரை எடுத்துவிட்டார்கள், போர்டில் உள்ள ஆடியோ ஜாக் நேரடியாக வேலை செய்யாது. எடிட்டருக்குச் சத்தம் இல்லாமல் என்ன வேலை? அதனால் நீங்கள் டஹோவுக்கு முந்தைய பதிப்பான செகோயாவில் நில்லுங்கள். ஆப்பிள் வழக்கமாகப் புதிய பதிப்போடு அதற்கு முந்தைய இரண்டுக்கும் பாதுகாப்பு அப்டேட் தருகிறது. அந்த வழக்கம் தொடர்ந்தால் 2027 இலையுதிர் காலம் வரை செகோயாவுக்குத் தொந்தரவு இல்லை. உங்கள் பதினைந்தாயிரம் இத்தனை காலம் வேலை கற்றுக்கொடுத்தால் போதும், அதற்கு மேல் இந்த மெஷினில் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். அந்தப் பணத்தைச் சேர்த்து வையுங்கள். எம்4 மேக் மினி 16 ஜிபி ரேமோடு இந்தியாவில் 59,900 ரூபாய்க்கு வந்தது. மேலே சொன்ன 4:2:2 வீடியோவை அது தடங்கலில்லாமல் ஓட்டும். உங்கள் மானிட்டர், கீபோர்டு, மவுஸ் அப்படியே அதற்கும் ஆகும்.

கேள்வி: பென்டியம் கோல்ட் ஜி6400 மிகக் குறைந்த விலையில் வருகிறது. அதுவும் பத்தாம் தலைமுறைதானே? அதில் மேக்ஓஎஸ் ஓடுமா?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: வேண்டாங்க. தலைமுறை சரி, ஆனால் உள்ளே இருப்பது யுஎச்டி 610. அதற்கு மேக்ஓஎஸ்ஸில் முடுக்கம் கிடைக்காது. அதோடு அந்தப் பென்டியத்தில் ஏவிஎக்ஸ்2 கட்டளைத் தொகுதி இல்லை, வென்ச்சுரா பதிப்பிலிருந்து மேக்ஓஎஸ் அதை எதிர்பார்க்கிறது. செலரானுக்கும் இதே பதில்தான். ஐ3-க்குக் கீழே இறங்காதீர்கள்.

கேள்வி: நான் சித்தூர் தாலுகாவில் தமிழ் வழிப் பள்ளி ஆசிரியை. பள்ளி மலர், வினாத்தாள் எல்லாம் நானே பக்கம் அமைக்கிறேன். வீட்டில் ஐ5-4570 போட்ட பழைய டெஸ்க்டாப் சும்மா கிடக்கிறது. மேக்கில் தமிழ் எழுத்து அழகாக இருக்கும் என்கிறார்கள். இதில் மேக்ஓஎஸ் போட முடியுமா, புதிதாகப் பிராசசர் வாங்க வேண்டுமா?
– வாசகி, சித்தூர்

பதில்: டீச்சர், உங்கள் பிராசசர் நான்காம் தலைமுறை. அதில் உள்ள எச்டி 4600 கிராபிக்ஸை மேக்ஓஎஸ் மான்டெரே பதிப்பு வரைக்கும் நேரடியாக ஏற்கும். அதற்கு அடுத்த வென்ச்சுராவில் அதற்கான டிரைவரை எடுத்துவிட்டார்கள். மான்டெரேவுக்கு 2024-க்குப் பிறகு பாதுகாப்பு அப்டேட் வரவில்லை. ஆகவே பேங்க் வேலை, மெயில் எதையும் அதில் செய்யாமல், பக்கம் அமைக்க மட்டும் ஒதுக்கி வைத்தால் ஒரு பைசா செலவில்லாமல் முயற்சி செய்யலாம். எட்டாம் தலைமுறைக்கு மாற வேண்டுமென்றால் போர்டு, ரேம் எல்லாமே மாற்ற வேண்டும். உங்கள் போர்டு டிடிஆர்3, புதியது டிடிஆர்4. பழைய சாக்கெட்டில் புதிய பிராசசர் உட்காராது.

தமிழ் விஷயத்தில் நீங்கள் கேட்டது சரிதான். மேக்ஓஎஸ்ஸில் அஞ்சல், தமிழ்99 இரண்டு விசைப்பலகையும் கூடவே வருகின்றன, தனியாக எதையும் இறக்க வேண்டாம். இணைமதி, தமிழ் சங்கம் எம்என் எழுத்துருக்களும் உள்ளேயே இருக்கின்றன. முத்து நெடுமாறன் உழைப்பு அது. வினாத்தாளுக்குத் தமிழ் சங்கம் எம்என் போட்டு ஒரு பக்கம் பிரிண்ட் எடுத்துப் பாருங்கள். "ஸ்ரீ", "க்ஷ" வருகிற இடங்களிலும், கொம்பும் காலும் சேரும் "கொ", "போ" எழுத்துகளிலும் இடைவெளி எப்படி விழுகிறது என்று உங்கள் கண்ணுக்கே தெரியும்.

ஆனால் ஒன்று யோசியுங்கள். பள்ளியில் மற்ற டீச்சர்கள் விண்டோஸில் பழைய எழுத்துருக் குறியீட்டில் தட்டிய கோப்புகளைத் தருவார்கள் இல்லையா? அவற்றை மேக்கில் திறந்தால் எழுத்து உடைந்து வரும், யூனிகோடுக்கு மாற்றித்தான் தீர வேண்டும். அந்த வேலை அதிகம் என்றால் விண்டோஸிலேயே இருப்பது உங்களுக்கு நிம்மதி.

கேள்வி: என் மகன் ஆப் எழுதக் கற்கிறான். ரைசன் 5 5600ஜி போட்ட மெஷின் ஏற்கெனவே வாங்கிவிட்டோம். ஐபோன் ஆப் எழுத மேக்தான் வேண்டும் என்கிறான். இதிலேயே போடலாமா, பிராசசரை மாற்ற வேண்டுமா?
– வாசகர், கோவிந்தாபுரம்

பதில்: ஐயா, மாற்ற வேண்டாம், இருக்கிறதிலேயே முயற்சி செய்யச் சொல்லுங்கள். ஆப்பிள் எந்த மேக்கிலும் ரைசன் வைத்ததில்லை. ஆனாலும் ஓபன்கோரில் கெர்னலுக்கு ஒட்டுப் போட்டு ஓட்டுகிறார்கள். 5600ஜி-க்குள் இருக்கும் வேகா கிராபிக்ஸை ஓட்ட நூட்டெட்ரெட் என்ற நீட்சி இருக்கிறது. தன்னார்வலர்கள் எழுதியது. ஆப் எழுதும் மென்பொருளான எக்ஸ்கோட் திறக்கும், ஸ்விஃப்ட் மொழியில் எழுதலாம், ஐபோன் சிமுலேட்டரும் ஓடும்.

எங்கே தடுக்கும் என்றால், ஆப்பிளின் மெய்நிகராக்கம் (ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொன்றை ஓட்டும் வசதி) இன்டெலின் வசதியை நம்பி எழுதியது. அதனால் ரைசனில் டாக்கர் ஓடாது, ஆண்ட்ராய்டு எமுலேட்டரும் ஓடாது. பையன் ஐபோன், ஆண்ட்ராய்டு இரண்டுக்கும் ஆப் எழுதுகிறவனாக இருந்தால் ஆண்ட்ராய்டு பகுதியை விண்டோஸில் செய்துகொள்ளட்டும், இரண்டையும் தனித்தனி எஸ்எஸ்டியில் வைத்துக்கொள்ளட்டும். ஒரே எஸ்எஸ்டியில் இரண்டையும் போட்டால் விண்டோஸ் அப்டேட் வரும்போதெல்லாம் பூட் வரிசை குழம்பும்.

இன்டெல் வாங்கவில்லையே என்று வருந்த வேண்டாம். எக்ஸ்கோட் 26-க்குச் செகோயா 15.6-ஆவது வேண்டும். டஹோவுக்கு அடுத்து வருகிற மேக்ஓஎஸ் இன்டெலையே கைவிடுகிறது. ஆப் ஸ்டோரில் ஆப்பை ஏற்ற ஆப்பிள் வருடா வருடம் புதிய எக்ஸ்கோட் கேட்கும். கற்றுக்கொள்ள இந்த மெஷின் போதும். அவன் ஆப் எழுதிச் சம்பாதிக்கத் தொடங்கும் நாளில் மேக் மினி வாங்கித்தான் ஆக வேண்டும். வருகிற வரவில் ஒரு பங்கை அதற்கென்று இப்போதே எடுத்து வைத்தால் பையனுக்கும் தெம்பாக இருக்கும்.

கேள்வி: ஐ7-10700கே செகண்ட் ஹேண்டில் ஒன்று கிடைக்கிறது. ஐ5-ஐவிட மேல்தானே? வாங்கலாமா?
– வாசகர், பாலக்காடு

பதில்: வேகத்தில் மேல்தான், எட்டு கோர். ஆனால் இன்டெல் கணக்கிலேயே அதன் சூடு 125 வாட், ஐ5-10400-க்கு 65 வாட். கே வகைக்கு டப்பாவில் கூலர் வராது, தனியாக வாங்க வேண்டும். போர்டும் நல்ல மின் சப்ளை உள்ளதாக இருக்க வேண்டும், விலை குறைந்த எச்410-இல் வைத்தால் முழு வேகம் எடுக்காது. பங்குனி, சித்திரையில் நம் பாலக்காட்டில் 40 டிகிரியைத் தொடுகிறது. ஓட்டு வீட்டு மாடியில் மத்தியானம் ரெண்டர் விட்டால் பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்போது நீங்கள் கொடுத்த கூடுதல் பணம் ஃபேன் சத்தமாகத்தான் கேட்கும். ஏசி அறையும் நல்ல போர்டும் இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் 65 வாட் ஐ5 நம் ஊருக்கு ஏற்ற பிராசசர்.

கேள்வி: நாங்கள் சின்ன ஸ்டுடியோ நடத்துகிறோம். நான்கு மெஷினில் இப்படி மேக்ஓஎஸ் போட்டால் செலவு மிச்சம். சட்டச் சிக்கல் வருமா?
– வாசகர், வாளையார்

பதில்: தொழிலுக்கு இதைச் செய்யாதீர்கள் என்று உறுதியாகச் சொல்வேன். மேக்ஓஎஸ்ஸை ஆப்பிள் பெயர் போட்ட கம்ப்யூட்டரில் மட்டும் நிறுவலாம் என்று அதன் உரிம ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. அமெரிக்காவில் சைஸ்டார் என்ற நிறுவனம் மேக்ஓஎஸ் போட்ட கம்ப்யூட்டர்களை விற்றது. ஆப்பிள் 2008-இல் வழக்குப் போட்டு 2009-இல் வென்றது. ஒருவர் வீட்டில் கற்றுக்கொள்வதற்காகப் போடுவதும் ஒப்பந்தத்துக்கு மாறானதுதான், அதைத் தெரிந்துகொண்டே ஒவ்வொருவரும் முடிவு செய்ய வேண்டும். ஆனால் கஸ்டமருக்குப் பில் போட்டுத் தொழில் செய்யும் இடத்தில் இதை நுழைப்பது வேறு விஷயம். அப்டேட்டில் ஒரு மெஷின் நின்றால், நாளைக் காலை முகூர்த்தத்துக்குத் தர வேண்டிய வீடியோ அதற்குள் மாட்டிக்கொள்ளும். விண்டோஸில் டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பே கல்யாண வேலைக்கு நிறைய செய்யும். மேக்தான் வேண்டுமென்றால் ஒரே ஒரு மினி வாங்கி அதில் தொடங்குங்கள்.

கேள்வி: செகண்ட் ஹேண்ட் பிராசசரும் போர்டும் கோவையில் போய் வாங்கப் போகிறேன் அக்கா. எல்லை தாண்டி வாங்கினால் வரி ஏதாவது உண்டா? கடையில் என்ன பார்த்து வாங்குவது?
– வாசகி, மீனாட்சிபுரம்

பதில்: வரி பற்றிக் கவலை வேண்டாம். ஜிஎஸ்டி வந்த பிறகு இரு பக்கமும் ஒரே விகிதம், சொந்த உபயோகத்துக்கு ஒரு போர்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவதற்கு யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. பில் மட்டும் கண்டிப்பாக வாங்குங்கள். செகண்ட் ஹேண்ட் என்றாலும் "பத்து நாளில் மாற்றித் தரப்படும்" என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். வாய்வார்த்தையை நம்பி இத்தனை தூரம் திரும்பப் போய் நிற்பது பெரிய அலைச்சல்.

கடையில் பிராசசரைக் கையில் வாங்கி மூடியில் உள்ள எழுத்தை நீங்களே படியுங்கள். வெளிச்சத்தில் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும், பழைய தெர்மல் பேஸ்ட் அப்பியிருந்தால் துடைத்துத் தரச் சொல்லுங்கள். "ஐ5-10400" என்பதோடு நம்பர் நிற்க வேண்டும், பின்னால் எஃப் இருக்கக் கூடாது. நம்பருக்குப் பதிலாக இன்டெல் கான்ஃபிடென்ஷியல் என்று பொறித்திருந்தால் அது சோதனைக்காகச் செய்த சிப், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள்.

அடுத்து போர்டின் சாக்கெட். இந்தத் தலைமுறையில் பின்கள் போர்டில்தான் இருக்கின்றன, பிராசசரில் இல்லை. செல்போன் டார்ச்சை ஒரு பக்கவாட்டிலிருந்து அடித்தால் எல்லாப் பின்னும் ஒரே வரிசையில் ஒரே மாதிரி மின்ன வேண்டும். எங்காவது ஒரு புள்ளி மட்டும் இருட்டாக இருந்தால் அந்தப் பின் வளைந்திருக்கிறது. வளைந்த பின்னால் ஒரு ரேம் ஸ்லாட் வேலை செய்யாமல் போகலாம்.

பிறகு கடையிலேயே மாட்டி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கிராபிக்ஸ் கார்டு போட்டு ஓட்டிக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கார்டைக் கழற்றிவிட்டு, மானிட்டர் கேபிளைப் போர்டில் இருக்கும் போர்ட்டிலேயே செருகச் சொல்லுங்கள். படம் வந்தால் உள் கிராபிக்ஸ் உயிரோடு இருக்கிறது. அப்படியே இரண்டு ரேம் ஸ்லாட்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

கடைசியாக, லேன் கேபிளைச் செருகி போர்ட்டில் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். துலாவர்ஷ (வடகிழக்குப் பருவமழை) இடி மின்னலில் கேபிள் வழியாக அடி வாங்கிய போர்டுகள் ஐப்பசி, கார்த்திகையில் என் கடைக்கு வரும். மற்றதெல்லாம் நன்றாக ஓடும், லேன் போர்ட் மட்டும் செத்திருக்கும். மேக்ஓஎஸ் இன்ஸ்டால் செய்யும்போது இணையம் பெரும்பாலும் லேன் வழியாகத்தான் வர வேண்டியிருக்கும் என்பதால் உங்களுக்கு அது அவசியம். ரியல்டெக் 8111 அல்லது இன்டெல் ஐ219 என்றால் இரண்டுக்கும் நல்ல டிரைவர் இருக்கிறது. இன்டெல் வைஃபை கார்டும் பிறகு ஓட்டிக்கொள்ளலாம், ஏர்டிராப் மட்டும் அதில் வராது.